இறந்தகாலத்துக்கு இரண்டே படி

பழைய பாடநூலில் பிரௌன் என்று ஒருவர்
எட்டே கால் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருப்பார்.
லொம்போக் தீவில் ரயில் கிடையாது.
அடுத்த பக்கத்தில் அவர் மனைவி
ஒரு கோப்பை சிவப்பு வைன் கேட்பாள்.
ஹதீஸ் துறை மாணவர்கள் அந்த உரையாடலை
ஊசி போட்டுக்கொள்வதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்து முடிப்பார்கள்.

புதிதாக எழுதுங்கள் என்றார் துறைத்தலைவர்.
பன்னிரண்டு அலகு, நோன்பு தொடங்கும் முன்.
நகல் கடைக்காரன் கடன் நோட்டில்
என் பெயருக்குத் தனிப் பக்கம் போட்டான்:
பாயிக் ஹுரியாத்தி, ஆங்கிலம்.

முதலில் ஒரு கேள்வித்தாள்.
உனக்கு ஆங்கிலம் எதற்கு?
நாற்பத்தொரு பேரில் முப்பது பேர்
உலகமயம் என்று எழுதினார்கள்,
ஒரே எழுத்துப்பிழையோடு.
ஸொஹ்ரியா கேள்வியையே திருத்தியிருந்தாள்:
எதற்கு என்பது இருக்கட்டும், யாரிடம் பேச?
சப்வான் தாளின் பின்புறம் வரை போயிருந்தான்.
ஞாயிறுகளில் லெம்பார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன், இபு.
விடியுமுன் எதற்கு இந்த ஒலிபெருக்கி என்று
பயணிகள் கேட்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது ஸாரி மட்டும்.
அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

எதிர்காலம் மூன்றாம் அலகு.
நாளை வருவேன், சொல்லுங்கள் என்றேன்.
மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.
இறைவன் நாடினால் என்று சேர்க்காமல்
எப்படிச் சொல்வது என்றாள் ஸொஹ்ரியா.
வில் என்பதற்கு நாட்டம் என்றும் பொருள் உண்டு;
யாருடைய நாட்டம் என்று அகராதி சொல்லவில்லை.
பயிற்சியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால்
கொஞ்சம் வெற்றிடம் விட்டேன்.

தக்வாவுக்குப் பயம் என்று போட்டு அடித்தேன்.
பக்தி, அதையும்.
முள்ளுப் பாதையில் உடுப்பைச் சுருட்டிப் பிடித்து
நடப்பதுபோல என்று பழைய விளக்கம் ஒன்று உண்டே.
சொல் கிடைக்கவில்லை. படம் வரைந்தேன்:
சாரோங்கைத் தூக்கிப் பிடித்த ஒரு கை.
கை கோணலாக வந்தது.

ஆறாம் அலகு,
அவர் சொன்னதாக இவர் சொன்னது.
பிரௌனிடம் தோற்றுப்போன வகுப்பு
இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தது.
எனக்கு இன்னார் அறிவித்தார்,
அவருக்கு ஒரு துணி வியாபாரி,
வியாபாரிக்கு அவருடைய அத்தை,
அத்தை தன் காதால் கேட்டாள்.
ஒவ்வொருவருக்கும் இறந்தகாலம்
ஒரு படி கீழே இறங்க வேண்டும்.
ஹேட் என்று ஒரு படி இறங்கினோம்.
அதற்குக் கீழே ஆங்கிலத்தில் படி இல்லை.
அத்தை அந்தரத்தில் நின்றாள்.
இவ்வளவு பெரிய மொழிக்கு
இறந்தகாலம் இரண்டே படிதானா, இபு?
சப்வான் குரலில் கேலி இல்லை,
வீடு சிறியதாகிவிட்ட பணக்காரரைப் பார்க்கும் இரக்கம்.

அதோடு விடவில்லை.
பிரௌன் பேசியதை நேரில் கேட்டவர் யார்?
ஒலிநாடாக்காரர் நம்பகமானவரா?
அவருக்கு நினைவாற்றல் எப்படி?
வகுப்பு சிரித்தது, நானும்தான்.
இரவு, நான்காம் அலகைத் திறந்தபோது
சிரிப்பு போய்விட்டது.
எங்கோ படித்து, எங்கே என்று மறந்து,
அழகாக இருக்கிறதே என்று சேர்த்த ஒரு பத்தி.
யாரிடமிருந்து, எனக்கு யார் சொன்னார்கள்?
இரண்டு மணிவரை தேடினேன்.
பிறகு முழுவதையும் அழித்தேன்.

அந்த இடத்தில் லெம்பார் வந்தது.
பயணி கேட்கிறார்: விடியுமுன் எதற்கு இந்தச் சத்தம்?
பதிலுக்கு மூன்று கோடு. மாதிரி விடை எழுதவில்லை.
திங்களன்று சப்வான் நிரப்பிக் கொண்டுவந்தான்,
உண்மையிலேயே ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு.
எங்களைத் தொழ எழுப்புகிறது.
உங்களையும் எழுப்பிவிட்டதா, நல்லது,
நம் கப்பல் ஐந்து மணிக்கு.
அவர் சிரித்தாராம், மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாராம்.

வாக்கியத்தில் இரண்டு பிழை.
வினைச்சொல்லைத் திருத்தினேன்.
உங்கள் கப்பல் என்றிருக்க வேண்டியது
நம் கப்பல் ஆகியிருந்தது; அப்படியே அச்சுக்குப் போனது.
அடியில், சிறிய எழுத்தில்:
இதை எனக்கு அறிவித்தவர் சப்வான்.
பொய் சொல்லி நான் கண்டதில்லை.
நினைவாற்றல் சுமார்.